போலரைசர் மாட்டிக்கிட்டு ஒரு பயணம்: கடல்ல இருந்து மலை ஏரி வரைக்கும்

திங்கள், கடற்கரை

இந்தப் பயணத்துக்கு பையில ஒரே ஒரு ஃபில்டர் தான் எடுத்துக்கிட்டேன், போலரைசர், போட்டோ எடுக்கறவங்க சிபிஎல்னு சொல்றது, லென்ஸ் முன்னாடி மாட்டி வளையத்த சுத்தினா பளபளப்ப வெட்டற கண்ணாடி. மொத்த வெளிச்சத்தையும் குறைக்கற என்டி வேணாம், ஒரு பாதிய மட்டும் இருட்டாக்கற கிராஜுவேட்டட் வேணாம்னு வச்சுட்டேன், ஏன்னா மத்த ஃபில்டர் செய்யற வேலைய ஓரளவுக்கு பின்னாடி கம்ப்யூட்டர்லயோ, நாலஞ்சு ஃப்ரேம் எடுத்து சேத்தோ சமாளிச்சிடலாம், ஆனா இது செய்யற வேலைய அந்த இடத்துல நிக்கும்போது மட்டும் தான் செய்ய முடியும். தண்ணி மேல வானம் பளபளன்னு விழுந்து அடியில இருக்கற கல்ல மறைச்சிடுச்சுனா, அந்த கல்லு ஃபைல்லயே கிடையாது, இல்லாதத எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. இந்த ஒரு விஷயத்த தான் போற வழியெல்லாம் பாத்து பாத்து எழுதப்போறேன். ரூட்டு கடல்ல ஆரம்பிச்சு, மலை ஏறி, காடு, அருவி, மேல ஒரு ஏரி. கூட தம்பி வர்றான், அவன்கிட்ட கேமரா இல்ல, போன் மட்டும்.

காலைல எட்டு மணி வாக்குல கடல் உள்வாங்கி பாறை இடுக்குல எல்லாம் குட்டி குட்டி குட்டையா தண்ணி நின்னுச்சு. வெறும் கண்ணுல பாத்தா வெள்ளையா மின்னுது அவ்ளோதான். ஃபில்டர லென்ஸ்ல மாட்டாம கையிலயே புடிச்சு கண்ணுக்கு முன்னாடி வச்சு மெதுவா சுத்தினேன், (எப்பவும் முதல்ல இப்படி தான், மாட்டி கழட்டி நேரத்த வீணாக்கறதுக்கு முன்னாடி இந்த இடத்துல இது வேலை செய்யுமா இல்லையான்னு ரெண்டு செகண்டுல தெரிஞ்சிடும்) ஒரு இடத்துல வந்ததும் அந்த வெள்ளை மினுமினுப்பு அப்படியே இறங்கி, அடியில பாசி, சிப்பி, ஒரு குட்டி நண்டு கால மடக்கிட்டு உக்காந்திருக்கறது வரைக்கும் தெரியுது.

"அக்கா, தண்ணிய எடுத்துட்டியா என்ன?"ன்னு கேட்டான் தம்பி. தண்ணி அங்கயே தான் இருக்கு, தண்ணி மேல இருந்த வானத்த தான் எடுத்திருக்கு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, வெளிச்சம் ஒரு அலை, அது போற திசைக்கு குறுக்க எல்லாப் பக்கமும் அதிரும். சூரியன்ல இருந்து நேரா வர்ற வெளிச்சத்துல எல்லா திசை அதிர்வும் கலந்து கிடக்கு. தண்ணி மாதிரி வழவழப்பான பரப்புல சாய்வா பட்டு தெறிக்கும்போது மட்டும், அந்த பரப்புக்கு இணையா அதிர்ற பங்கு தான் அதிகமா தெறிக்கும், மீதி பெரும்பாலும் தண்ணிக்குள்ள போயிடும். அப்போ தண்ணியில இருந்து வர்ற பளபளப்பு பெரும்பாலும் கிடைமட்டமா அதிர்ற வெளிச்சம். போலரைசர் ஒரு திசைய மட்டும் உள்ள விடும், கம்பி கேட்டுக்கு நடுவுல ஒரு அட்டைய நுழைக்கிற மாதிரி, கம்பியோட திசைக்கு ஒத்து வந்தா போகும், குறுக்க திருப்பினா இடிச்சு நிக்கும். வளையத்த திருப்பறதுன்னா அந்த கேட்ட திருப்பறது தான்.

இதுல கோணம் ரொம்ப முக்கியம். ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1815ல கண்டு சொன்ன கணக்கு, தண்ணிக்கு அந்தக் கோணம் செங்குத்துல இருந்து 53 டிகிரி, அதாவது தண்ணி மட்டத்துல இருந்து பாத்தா சுமார் 37 டிகிரி. கண்ணாடிக்கு செங்குத்துல இருந்து 56 பக்கம். இந்த சாய்வுல பாத்தா பளபளப்பு கிட்டத்தட்ட முழுசா வெட்டுப்படும். குட்டை மேல நின்னு நேரா கீழ பாத்து எடுத்தா ஃபில்டர எவ்ளோ சுத்தினாலும் ஒண்ணும் மாறாது, ரொம்ப தாழ உக்காந்து தண்ணிய ஒட்டி எடுத்தாலும் பலன் கம்மியாகும். அதனால நான் குட்டைக்கு முன்னாடி நின்னு, குனிஞ்சு, ரெண்டடி பின்னாடி போயி, திரும்ப முன்னாடி வந்து, இப்படியே தான் ஒரு மணி நேரம் போச்சு. இந்த ஃபில்டர பொறுத்தவரைக்கும் கையால சுத்தறது பாதி வேலை தான், கால நகத்தறது மீதி பாதி.

கடல பாத்துக்கிட்டே இத எழுதும்போது சர் சி.வி. ராமன சொல்லாம விட மனசு வரல. 1921ல ஐரோப்பாவுல இருந்து நர்குண்டாங்கற கப்பல்ல திரும்பி வர்றப்ப அவர் கையில ஒரு சின்ன நிகோல் பிரிசம் வச்சிருந்தார், அதுவும் ஒரு போலரைசர் தான், கால்சைட் படிகத்துல செஞ்சது. கடல் நீலமா தெரியறது வெறும் வானத்தோட பிரதிபலிப்புன்னு ரேலேங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி மாதிரி பெரிய ஆளே சொல்லி வச்சிருந்த காலம். ராமன் என்ன பண்ணார்னா, மேற்பரப்புல தெறிக்கற வெளிச்சம் வெட்டுப்படற அந்தக் கோணத்துல பிரிசத்த வச்சு, வானத்தோட பிரதிபலிப்ப நிறுத்திட்டு கடல பாத்தார். நீலம் போகல, இன்னும் நல்லா தெரிஞ்சது. அப்போ அந்த நீலம் தண்ணிக்குள்ள இருந்து வருது, தண்ணியோட மூலக்கூறுகளே வெளிச்சத்த சிதறடிக்குதுன்னு சொன்னார், அதே வருஷம் நேச்சர் இதழ்ல அது வந்துச்சு. அங்க இருந்து போன பாதை தான் 1928ல ராமன் விளைவு, 1930ல நோபல். நான் இன்னைக்கு நண்டு பாக்கறதுக்கு செஞ்ச அதே காரியத்த அவர் கப்பல் மேல் தட்டுல நின்னு செஞ்சிருக்கார்னு நினைக்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது, உண்மையாவே.

சாயங்காலம் காத்துல உப்பு தெறிச்சு ஃபில்டர் மேல படிஞ்சிடுச்சு. உப்பு காஞ்சதுக்கு அப்புறம் துணியால தேய்க்கவே கூடாது, கோடு விழும். நல்ல தண்ணிய ரெண்டு சொட்டு விட்டு கரைச்சு, ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் துடைக்கணும். சுத்தற வளையத்துக்குள்ள மணல் போயிடுச்சுனா கரகரன்னு சுத்தும், காத்தடிக்கற பிளோவர் வச்சு ஊதிட்டு படுத்தாச்சு.

செவ்வாய், மலை ஏறும் ரோடு

இன்னைக்கு வானம். போலரைசர்னாலே எல்லாரும் சொல்றது வானத்த கருநீலமாக்கறதுக்குன்னு தான், விளம்பரத்துலயும் அது தான் வரும். எனக்கு அது இந்த ஃபில்டரோட ரெண்டாவது வேலை தான், ஆனா தெரிஞ்சு வச்சுக்கணும்.

வானம் நீலமா இருக்கறதே காத்து மூலக்கூறு வெளிச்சத்த சிதறடிக்கறதால. சிதறும்போது சூரியனுக்கு செங்குத்தா, 90 டிகிரி தள்ளி இருக்கற பகுதியில இருந்து வர்ற வெளிச்சம் தான் அதிகமா ஒரே திசையில அதிரும். அதனால வானம் முழுக்க ஒரே மாதிரி கருக்காது, ஒரு பட்டை மாதிரி தான் கருக்கும். அந்தப் பட்டை எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க கையே போதும். ஆள்காட்டி விரல சூரியன பாத்து நீட்டுங்க, கட்ட விரல அதுக்கு செங்குத்தா விரிங்க, இப்போ ஆள்காட்டி விரல அசைக்காம மணிக்கட்ட மட்டும் திருப்புங்க, கட்ட விரல் எங்கெல்லாம் காட்டுதோ அங்கெல்லாம் ஃபில்டர் முழு வேகத்துல வேலை செய்யும். சூரியனுக்கு நேரா பாத்தாலும், சூரியன முதுகுக்கு பின்னாடி வச்சு பாத்தாலும் சுத்தி சுத்தி பாத்துட்டு விட்டுடலாம், ஒண்ணும் ஆகாது.

காலைல ஏழு மணிக்கு கொண்டை ஊசி வளைவுல நிறுத்தினப்ப சூரியன் கிழக்குல தாழ இருந்துச்சு, அப்போ பட்டை வடக்குல ஆரம்பிச்சு உச்சந்தலை வழியா தெக்க இறங்குது. வடக்குப் பக்கம் இருந்த மலை மட்டும் பளிச்சுன்னு வந்துச்சு. தம்பி கேட்டான், "அப்போ மத்தியானம்?" நல்ல கேள்வி தான் அது. சூரியன் உச்சிக்கு வந்துச்சுனா பட்டை அடிவானத்துக்கு இறங்கி சுத்தி வளைச்சு நிக்கும், அதாவது எந்தப் பக்கம் திரும்பி எடுத்தாலும் அடிவானத்த ஒட்டின வானத்துல பலன் இருக்கும். மத்தியான வெயில்ல படமே எடுக்கக்கூடாதுன்னு சொல்றவங்க நிறைய பேர், ஆனா நிலப்பரப்பு எடுக்கறவங்க கையில போலரைசர் இருந்தா பன்னெண்டு மணி அவ்ளோ மோசமான நேரம் இல்லைங்கறது என்னோட கருத்து, இலை மேல இருக்கற வெள்ளை பளபளப்பும் குறையும், தூரத்து மலை மேல இருக்கற புகைமூட்டமும் கொஞ்சம் விலகும்.

அந்த புகைமூட்டம் தான் எனக்கு இன்னைக்கு பெருசா பட்டது. தூரத்துல இருக்கற மலை வெளிறிப் போய் நீலச் சாம்பலா தெரியறது நடுவுல இருக்கற காத்து சிதறடிக்கற வெளிச்சத்தால, அந்த வெளிச்சமும் வானம் மாதிரியே ஒரு திசையில அதிரும். சூரியன் தோள் பக்கம் இருக்கற மாதிரி நின்னு சுத்தினா, மூணாவது வரிசை மலைக்குப் பின்னாடி நாலாவதா ஒரு வரிசை இருக்கறதே அப்போ தான் தெரிஞ்சது. மேகத்துல இருந்து வர்ற வெளிச்சம் பல தடவ தெறிச்சு எல்லா திசையும் கலந்துட்டதால அது மங்காது, சுத்தி இருக்கற நீலம் மட்டும் இறங்கும், மேகம் எடுப்பா நிக்கறது அதனால தான்.

இங்க ஒரு எச்சரிக்கை, வைட் ஆங்கிள் லென்ஸ், அதாவது ரொம்ப அகலமா பாக்கற லென்ஸ். எம்எம் எண் குறைய குறைய அகலம் கூடும். பெரிய சென்சார் இருக்கற ஃபுல் ஃப்ரேம் கேமராவுல 16 எம்எம் லென்ஸ் அகலத்துல மட்டும் சுமார் 97 டிகிரி பாக்குது. பட்டையோட உச்சம் ஒரு ஓரத்துலயும் பலனே இல்லாத பகுதி இன்னொரு ஓரத்துலயும் ஒரே படத்துக்குள்ள வந்துடும், ஒரு பக்கம் மட்டும் கறுப்புத் திட்டு மாதிரி வானம் அசிங்கமாயிடும், அத பின்னாடி சரி பண்றது பெரிய தலைவலி. 24 எம்எம்லயே 74 டிகிரி வந்துடுது. நீல வானம் நிறைய இருக்கற ஃப்ரேம்னா நான் 35 எம்எம்க்கு கீழ போகும்போது வளையத்த பாதியோட நிறுத்திடுவேன், இல்ல ஃபில்டர கழட்டிடுவேன். பல ஃப்ரேம் சேத்து பனோரமா பண்றவங்க கண்டிப்பா கழட்டிடுங்க, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வானம் ஒவ்வொரு நிறத்துல வந்து ஒட்டாது.

வண்டி கண்ணாடி வழியா எடுக்கலாம்னு தம்பி ஃபில்டர வாங்கி போன் முன்னாடி வச்சான், முன் கண்ணாடியில டேஷ்போர்டு பிரதிபலிக்கறது நல்லாவே குறைஞ்சுது. பக்கவாட்டு கண்ணாடியில மட்டும் திட்டு திட்டா வந்துச்சு, சூடு பண்ணி உறுதியாக்கின கண்ணாடிக்குள்ள இருக்கற இறுக்கம் போலரைசர் வழியா அப்படி தெரியும். விமான ஜன்னல் பிளாஸ்டிக்லயும் இதே தான், வானவில் கலர்ல கோடு கோடா வரும், அங்க இத வெளிய எடுக்காம இருக்கறதே நல்லது. அப்புறம் வண்டிய வெயில்ல நிறுத்திட்டு போகும்போது ஃபில்டர டேஷ்போர்டுல வைக்காதீங்க, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கறது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம், சூட்டுக்கு ஆகாது.

புதன், காடும் அருவியும்

காலைல இருந்து மேகமூட்டம். வானம் வெள்ளை துணி மாதிரி, சூரியன் எங்க இருக்குன்னே தெரியல. வழியில பாத்த ஒருத்தர் என் லென்ஸ பாத்துட்டு "வெயிலே இல்லையே, எதுக்குங்க சிபிஎல்"னு கேட்டார். இத பலபேர் கேட்டிருக்காங்க, அதனால கொஞ்சம் நிதானமா எழுதறேன், இந்தப் பயணத்துல நான் சொல்ல வந்ததே இது தான்.

வானத்த கருக்கறதுக்கு தான் நீல வானம் வேணும். தெறிக்கற வெளிச்சத்த வெட்டறதுக்கு வெயில் வேண்டியதே இல்ல. மேகத்துல இருந்து வர்ற வெளிச்சம் எல்லா திசையும் கலந்து தான் வருது, ஆனா ஈர இலை மேல, ஈரப் பாறை மேல சாய்வா பட்டு தெறிக்கற அந்த நொடியில அது ஒரு திசைக்கு வந்துடுது. காட்டுக்குள்ள மழை பேஞ்சு முடிஞ்ச மேகமூட்டமான காலை, போலரைசருக்கு இதவிட நல்ல நேரம் கிடையாதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன்.

இலைய எடுத்துக்கங்க. இலை மேல மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கு, அது மேல வானம் விழுந்து வெளுப்பா ஒரு படலம் நிக்குது, அதுக்கு அடியில தான் இலையோட உண்மையான பச்சை. நம்ம கண்ணு பழகிப்போய் அத கவனிக்கறதில்ல. வளையத்த சுத்த சுத்த அந்தப் படலம் விலகி பச்சை ஆழமா வரும், அது புதுசா சேத்த பச்சை இல்ல, மறைஞ்சிருந்த பச்சை. கம்ப்யூட்டர்ல சாச்சுரேஷன, அதாவது நிறத்தோட அழுத்தத்த ஏத்தினா என்ன ஆகும்னா, அந்த வெள்ளையோட கலந்து போன பச்சைய தான் அது கூட்டும், பிளாஸ்டிக் செடி மாதிரி வரும். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா ஒரு குழந்தை கூட எது இலைன்னு சொல்லிடும்.

ஒண்ணு கவனிக்கணும், இலைங்க எல்லாம் ஒரே பக்கம் பாத்து நிக்கறதில்ல. ஒரு இலை கிடையா, ஒண்ணு செங்குத்தா, ஒண்ணு சாஞ்சு. ஒவ்வொண்ணுல இருந்தும் வர்ற வெளிச்சத்தோட திசை வேற வேற, அதனால வளையத்தோட ஒரு நிலையில எல்லா இலையும் சுத்தமாகாது. ஃப்ரேம்ல எந்த இடம் முக்கியமோ அங்க பாத்துக்கிட்டே சுத்தணும். நான் இன்னைக்கு பெரணி நிறைஞ்ச ஒரு சரிவ எடுக்கும்போது முன்னாடி இருந்த ரெண்டு பெரிய ஓலைய மட்டும் பாத்து தான் நிறுத்தினேன், பின்னாடி கொஞ்சம் மினுமினுப்பு இருந்துச்சு, அது இருக்கட்டும்னு விட்டேன், ஏன்னா மழை பேஞ்ச காடு ஈரமா தெரியணும்ல, மொத்த பளபளப்பையும் எடுத்துட்டா காஞ்ச காடு மாதிரி ஆயிடும். இது ரொம்ப பேர் கவனிக்காத விஷயம். முழுசா வெட்டறது எப்பவும் சரியில்ல, ஈரம்னு கண்ணுக்குச் சொல்றதே அந்த கொஞ்சூண்டு மினுமினுப்பு தான்.

பத்து மணிக்கு மேல அருவிக்கு போனோம். ரெண்டு பக்கமும் கறுப்புப் பாறை, ஃபில்டர் இல்லாம பாத்தா பாறையும் தண்ணியும் ஒரே வெள்ளையா இருக்கு, எது விழற தண்ணி எது பாறை மேல தெறிக்கற வானம்னு பிரிக்க முடியல. வளையத்த சுத்தினதும் பாறை கறுப்பாயிடுச்சு, பாசி மஞ்சள் பச்சையா எழுந்துச்சு, அருவி மட்டும் வெள்ளையா நிக்குது. நுரைக்குள்ள இருந்து வர்ற வெளிச்சம் மேகம் மாதிரி கலந்து வர்றதால அது அப்படியே இருக்கும்.

இன்னொரு லாபமும் இருக்கு. கணக்குப்படி போலரைசர் எப்படியும் பாதி வெளிச்சத்த எடுத்துடும், அது ஒரு ஸ்டாப், நிஜத்துல ஒண்ணரை ரெண்டு ஸ்டாப் வரைக்கும் போகும். அருவியில அது நல்லது தான். ஐஎஸ்ஓ 100, எஃப் 11 செட்டிங்ல ஷட்டர் எட்டுல ஒரு பங்கு செகண்டு திறக்கணும்னு கேமரா காட்டிட்டு இருந்தது, ஃபில்டர் மாட்டினதும் மூணுல ஒரு பங்கு செகண்டுக்கு வந்துச்சு, தண்ணி இழை இழையா இறங்கறதுக்கு எனக்கு அந்த வேகம் தான் புடிக்கும், முழுசா பால் மாதிரி ஆகாம தண்ணியோட வலுவும் தெரியும். டிரைபாட் கட்டாயம். சாரல் வந்துக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல ஃபில்டர ஒத்தி எடுத்துக்கிட்டே இருக்கணும், சொட்டு விழுந்த படத்த பின்னாடி பெருசா பாக்கும்போது தான் வயிறு எரியும்.

படுக்கையா எடுத்துட்டு கேமராவ நிமித்தி செங்குத்தா மாத்தும்போது ஃபில்டரும் சேந்து 90 டிகிரி திரும்பிடும், பளபளப்பெல்லாம் திரும்ப வந்துடும். ஒவ்வொரு தடவையும் மறுபடி சுத்தணும், இது கை தானா செய்யற அளவுக்கு பழகணும். சில பழைய லென்ஸ்ல ஃபோகஸ் பண்ணும்போது முன் வளையமே சுத்தும், அதுல ஃபோகஸ முடிச்சுட்டு தான் ஃபில்டர்ல கை வைக்கணும். யுவி ஃபில்டர் மாட்டியிருந்தா கழட்டிட்டு மாட்டுங்க, ஒண்ணு மேல ஒண்ணு போட்டா வைட்ல நாலு மூலையும் இருட்டும்.

வியாழன், மூடுபனி

இன்னைக்கு எழுத அதிகம் இல்ல. விடிஞ்சதுல இருந்து பத்தடிக்கு மேல தெரியாத அளவுக்கு பனிமூட்டம். முந்தாநாள் சொன்ன புகைமூட்டம் வேற, இது வேற. இது பெரிய பெரிய நீர்த்துளி, வெளிச்சம் அதுக்குள்ள பல தடவ அடிபட்டு எல்லா திசையும் கலந்து வருது, ஃபில்டர் சுத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. கழட்டி வச்சுட்டேன், ஒண்ணரை ஸ்டாப் வெளிச்சம் திரும்ப கிடைச்சுது. பத்து மணிக்கு மேல ஒரு மரத்துல பறவைங்க வந்துச்சு, அதுக்கு ஆயிரத்துல ஒரு பங்கு செகண்டு வேணும், அங்கயும் இது இல்லாம இருந்ததே நல்லது. லென்ஸ்லயே நிரந்தரமா மாட்டி வச்சுக்கற ஃபில்டர் இல்ல இது.

சாயங்காலம் தம்பிக்கு ரூம்ல உக்காந்து ஒண்ணு காட்டினேன். லேப்டாப் திரைய வெள்ளையா வச்சு, ஃபில்டரோட முன்பக்கம் திரைய பாக்கற மாதிரி புடிச்சு, லென்ஸ்ல திருகி மாட்டற மரை இருக்கற பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே சுத்தினா ஒரு இடத்துல திரை இருட்டாயிடும், எல்சிடி திரையில இருந்து வர்ற வெளிச்சமே ஒரு திசையில தான் வருது. இப்போ ஃபில்டர திருப்பி, மரை இருக்கற பக்கம் திரைய பாக்கற மாதிரி புடிச்சு சுத்துங்க. இருட்டவே இருட்டாது, கலர் மட்டும் லேசா மாறும். அப்படின்னா அது சர்க்குலர் போலரைசர். முன்னாடி ஒரு சாதா போலரைசர், அதுக்குப் பின்னாடி கால் அலைத் தகடுன்னு ஒண்ணு ஒட்டியிருக்கும், அது உள்ள போற வெளிச்சத்த சுழல விட்டுடும். எதுக்குன்னா எஸ்எல்ஆர் கேமராவுக்குள்ள பாதி வெளிச்சத்த விடற கண்ணாடி வழியா தான் வெளிச்சத்த அளக்கற மீட்டரும் ஆட்டோஃபோகஸும் வேலை செய்யுது, ஒரே திசையில அதிர்ற வெளிச்சம் போனா அதுங்க குழம்பும். மிரர்லெஸ் கேமராவுல அந்தக் கண்ணாடி இல்ல, அந்தத் தகடு இல்லாத பழைய லீனியர் ஃபில்டர் கையில இருந்தா தாராளமா மாட்டலாம்.

"போன்ல வச்சா தலைகீழா வச்சுடக்கூடாது, அதானக்கா?" கரெக்ட், அதான். போன்ல எடுக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணு, எக்ஸ்போஷர, அதாவது வெளிச்ச அளவ லாக் பண்ணிட்டு ஃபில்டர சுத்துங்க, இல்லனா போன் தானா வெளிச்சத்த கூட்டிக் கூட்டி வித்தியாசமே தெரியாம பண்ணிடும். எந்த லென்ஸ் எடுக்குதோ அத மூடற மாதிரி புடிக்கணும். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு கேமரா திரைய பாக்காதீங்க, ஒரு பக்கம் சாச்சா திரையே கறுப்பா தெரியும்.

வெள்ளி, ஏரி

மேல இருக்கற ஏரிக்கு விடியற்காலைலயே போயிட்டோம். காத்தே இல்ல, எதிர்க்கரை மலை தண்ணியில தலைகீழா அப்படியே விழுந்திருக்கு. இந்த மாதிரி நேரத்துல ஃபில்டர கண்ணு முன்னாடி வச்சு முழுசா சுத்தினா மலை காணாம போயி அடியில சேறும் கல்லும் தெரியும். எது வேணும்னு நாம தான் முடிவு பண்ணணும். நான் நடுவுல நிறுத்தினேன். காலுக்கு கிட்ட இருக்கற தண்ணிய நாம செங்குத்தா பாக்கறோம், கொஞ்சம் தள்ளி அந்த 37 டிகிரி வருது, தூரத்துல தண்ணிய ஒட்டி பாக்கறோம், அதனால ஒரே படத்துல கிட்டக்க கல்லு தெரியற மாதிரியும் தூரத்துல மலையோட நிழல் அப்படியே நிக்கற மாதிரியும் வைக்க முடியும். அந்த ஒரு ஃப்ரேமுக்காக அரை மணி நேரம் டிரைபாட்ட ஏத்தி இறக்கிட்டு இருந்தேன், கிடைச்ச படம் இந்தப் பயணத்துலயே எனக்கு ரொம்பப் புடிச்சது.

எவ்ளோ துல்லியமா சுத்தணும்னு ஒரு நண்பர் போன்ல கேட்டார். பிரெஞ்சுக்காரர் எத்தியேன் லூயி மாலூஸ் 1809லயே இதுக்கு கணக்கு குடுத்திருக்கார். ஒரே திசையில அதிர்ற வெளிச்சம் போலரைசர் வழியா எவ்ளோ போகுங்கறது, அந்த ரெண்டு திசைக்கும் நடுவுல இருக்கற கோணத்தோட கொசைன் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். நடைமுறைல என்னன்னா, முழுசா வெட்டற நிலைல இருந்து 10 டிகிரி தள்ளி நின்னாலும் 3 சதவீதம் தான் கசியும், கண்ணுக்கே தெரியாது. 45 டிகிரியில பாதி. அந்த நடுப்பகுதியில தான் வளையம் கொஞ்சம் அசைஞ்சாலும் படம் சட்டுனு மாறும், பாதியோட நிறுத்த நினைக்கறவங்க அங்க மெதுவா சுத்தணும். 90 டிகிரி திருப்பினா ஒரு கோடியில இருந்து இன்னொரு கோடி, 180க்கு திரும்ப அதே இடம்.

மாலூஸ் இத எப்படி கண்டுபிடிச்சார்ங்கறது எனக்கு ரொம்ப புடிச்ச கதை. 1808ல பாரிஸ்ல தன் வீட்டுல இருந்து, எதிர்ல லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல் கண்ணாடியில மறையற சூரியன் மின்னறத ஒரு கால்சைட் படிகம் வழியா பாத்துட்டு இருந்தார். அந்தப் படிகத்துல எத பாத்தாலும் ரெண்டா தெரியும், அது 1669லயே பார்த்தோலின்ங்கற டென்மார்க் விஞ்ஞானி எழுதி வச்சது. மாலூஸ் படிகத்த சுத்தும்போது அந்த ரெண்டு பிம்பமும் மாறி மாறி மங்கிச்சு. கண்ணாடியில தெறிச்ச வெளிச்சம் சாதா வெளிச்சம் இல்லன்னு அப்போ தான் தெரிஞ்சது. அதுக்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல போலரைசர்னா படிகம் தான், சின்னது, கேமரா லென்ஸ் முழுக்க மூடற அளவுக்கு கிடைக்காது. அமெரிக்காவுல எட்வின் லேண்ட் 1929ல தகடு மாதிரி போலரைசர் செய்ய காப்புரிமை கேட்டார், அப்புறம் 1938ல பிளாஸ்டிக் தாள இழுத்து நீட்டி அயோடின்ல ஊறவைக்கற வழிய கண்டுபிடிச்சார், நீண்டு கிடக்கற அந்த மூலக்கூறு வரிசை தான் ஒரு திசைய உறிஞ்சிடுது. இன்னைக்கு நம்ம லென்ஸ்ல இருக்கறதும் அந்த வழியில வந்தது தான்.

கரையில ஒரு பழைய தகர படகு கிடந்துச்சு, பெயின்ட் போன இடத்துல வெறும் உலோகம் மின்னுது. தம்பி சுத்தி சுத்தி பாத்தான், குறையவே இல்ல. வெறும் உலோகத்துல தெறிக்கற வெளிச்சம் இப்படி ஒரு திசைக்கு வர்றதில்ல, பெயின்ட் இருக்கற இடத்துல மட்டும் பளபளப்பு இறங்குச்சு.

சனி, வானவில்

கிளம்பற நாள். சாயங்காலம் ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயில், ரோட்டு வளைவுல திரும்பினதும் பள்ளத்தாக்குக்கு மேல முழு வில்லு. வண்டிய ஓரங்கட்டினோம்.

இங்க தான் போலரைசர் வச்சிருக்கறவங்க உஷாரா இருக்கணும். வானவில்லோட வெளிச்சமும் ஒரு திசையில தான் அதிருது, வில்லோட வளைவ ஒட்டின திசையில. அதாவது வில்லோட உச்சியில கிடைமட்டமா, ரெண்டு காலுலயும் கிட்டத்தட்ட செங்குத்தா. காலைல இருந்து ஈர ரோட்டு பளபளப்ப வெட்டற மாதிரி ஃபில்டர் நின்னுச்சுனா, அது கிடைமட்ட அதிர்வ தான் வெட்டிட்டு இருக்கும், அதே நிலையில வானவில்ல பாத்தா உச்சி காணாம போயிடும். தம்பிகிட்ட ஃபில்டர குடுத்து கண்ணு முன்னாடி சுத்த சொன்னேன், "அக்கா, வில்லு ஒடைஞ்சு போச்சு!"ன்னு கத்தினான். 90 டிகிரி திருப்ப சொன்னேன், உச்சி முன்ன விட அழுத்தமா வந்துச்சு, இப்போ காலு ரெண்டும் மங்கிடுச்சு.

முழு வில்லு ஒரே ஃப்ரேம்ல வேணும்னா ஃபில்டர கழட்டறது தான் வழி, ஆரமே 42 டிகிரி இருக்கறதால எப்படியும் வைட் லென்ஸ் தான் போகணும், ஒரு நிலையில மொத்த வில்லையும் காப்பாத்த முடியாது. நான் முழு வில்ல ஃபில்டர் இல்லாம ரெண்டு எடுத்துட்டு, தூரத்த கிட்ட கொண்டுவர்ற 70-200 லென்ஸ்ல ஃபில்டர மாட்டி, காடு மேல இறங்கற இடது காலு மட்டும் எடுத்தேன். சுத்தும்போது வில்லு எங்க அதிகபட்சமா எரியுதோ அங்க நிறுத்தினேன், பின்னாடி இருந்த மழை மேகத்தோட வெளுப்பு குறைஞ்சு ஊதா பட்டை வரைக்கும் தனியா தெரிஞ்சது. வெளிய மங்கலா ரெண்டாவது வில்லு ஒண்ணு இருந்துச்சு, அதுக்கும் அதே திசை தான், அதனால ஒரே நிலையில ரெண்டும் சேந்தே ஏறுச்சு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள வெயில் போயிடுச்சு.

கேமராவுல இருந்த ரா ஃபைல், அதாவது திருத்தாத மூலப் படம் எல்லாத்தையும் காப்பி பண்ணிட்டேன். ஃபில்டர் லேசா குளிர்ச்சியா ஒரு சாயம் குடுக்கும், வைட் பேலன்ஸ், அதாவது அந்த சாயத்த சரி பண்றது மட்டும் பாத்துட்டு படங்கள போடறேன், ஒவ்வொண்ணுக்கும் கீழ வளையம் எங்க நிறுத்தினேன், சூரியன் எந்தப் பக்கம் இருந்துச்சுங்கறதையும் சேத்து எழுதறேன். தம்பி எடுத்த குட்டை நண்டு படமும் அதுல வரும், போன்ல எடுத்தது தான், ஆனா அடியில இருக்கற ஒவ்வொரு மணலும் தெரியுது.